உதவி ஒப்புதலாகுமா?

பூவிருந்தவல்லியிலே, குமணன்சாவடிப் பக்கம், பெருஞ்சாலையின் இரைச்சலை விட்டுச் சற்று உள்ளே சென்றால், ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனங்கள் அடைந்து கிடக்கும் வரிசை வீடுகளைக் காணலாம். அப்படிப்பட்ட வரிசை ஒன்றிலே கடைசி வீடு. கதவு பகலிலும் சாத்தியே இருக்கும். உள்ளே ஒரு பெண். தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து, தான் விரும்பியவனோடு புறப்பட்டு வந்தவள். அவனுக்கு வயது 19. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலே ஒப்பந்தக் கூலி. இரவு முறைக்குச் சென்று விடியலிலே திரும்புவான். அவளுக்கு?

"உனக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மூதாட்டி.

"பத்தொன்பது, ஆயா."

கேள்வி முடியுமுன் பதில் வந்தது. பாடம் செய்து வைத்த பதில் அப்படித்தான் வரும். பள்ளிச் சான்றிதழ் சொல்லும் வயது 17. வயிற்றிலே ஏழு திங்கள்.

"ஆஸ்பத்திரியிலே பதிஞ்சாச்சா?"

பதில் இல்லை. கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் அவளை ஏசவில்லை. அவள் எந்த மருத்துவமனைப் படியையும் மிதிக்கவே இல்லை. போனால் வயதைக் கேட்பார்கள்; வயதைச் சொன்னால் காவல் துறைக்குத் தகவல் போகும்; தகவல் போனால் அவனைக் கொண்டு போய்விடுவார்கள்; அதன் பிறகு நான் எங்கே போவேன்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் கதவைச் சாத்திக் கொண்டாள். ஊர்ஊராகச் சென்று கருவுற்ற தாய்மாரைக் காக்கும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் நிலையம் இதே பூவிருந்தவல்லியிலேதான் இருக்கிறது. அங்கே பயின்றவர்கள் தொலைதூரச் சிற்றூர்களை எட்டுகிறார்கள். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னே இருப்பவளை யார் எட்டுவது?

இந்த வீட்டைப் பற்றி இளந்தோழர்கள் சிலரிடம் சொன்னேன். முற்போக்கு எண்ணம் கொண்டவர்கள். மூடப் பழக்கங்களை முகத்துக்கு நேரே கண்டிப்பவர்கள். அவர்களிலே ஒருவர் கேட்டார்:

"இளவயது மணத்தை எதிர்ப்பவர்கள் நாம். பதினேழு வயதிலே தாயாகி நிற்பவளுக்குப் பணமும் பண்டமும் கொடுத்தால், அதுவே அந்தத் தவறுக்குத் தருகிற பரிசாகிவிடாதா? உதவுவது ஒப்புக்கொள்வது ஆகாதா?"

கேள்வி நேர்மையான கேள்வி. "காலம் கெட்டுவிட்டது, கலி முற்றிவிட்டது" என்று கன்னத்திலே போட்டுக் கொள்ளும் பழமைவாதியின் புலம்பல் அல்ல இது. ஆகவே இதற்கு நேர்மையான விடை தர வேண்டும். அந்த விடையைத் தேடத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். மண வயதுச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று வாதாட வந்தவனல்ல நான். அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. சிறுமிகளின் பிணங்களின் மீது நின்று எழுதப்பட்ட சட்டம் அது. 1889-இலே கல்கத்தாவிலே பூல்மணி என்ற பத்து, பதினொரு வயதுச் சிறுமி, தாலி கட்டிய கணவனாலேயே உயிரிழந்தாள். அந்தச் சாவு நாட்டை உலுக்கிய பிறகுதான், 1891-இலே, இசைவு வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு! அதற்கே, "சாத்திரம் போயிற்று, சமயம் போயிற்று" என்று கூச்சலிட்டவர்கள் எத்தனை பேர்!

1929 பிப்ரவரியிலே, செங்கற்பட்டிலே, முதல் சுயமரியாதை மாநில மாநாடு கூடியது. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலே இருக்கும் பூவிருந்தவல்லி அன்று அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பெண்ணின் மண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும் என்றும், தன் துணையைத் தானே தேர்ந்து கொள்ளும் உரிமை வேண்டும் என்றும், பிரிந்து செல்லும் உரிமை வேண்டும் என்றும் அந்த மாநாடு தீர்மானித்தது. அதே ஆண்டிலே நிறைவேறி 1930-இலே நடைமுறைக்கு வந்த சாரதா சட்டமோ பெண்ணுக்குப் பதினான்கு என்று சொல்லி நின்றது. பதினான்கு பதினெட்டாவதற்கு 1978 வரை காத்திருந்தோம். 2006-இலே குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தது. 2012-இலே, பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் பாலியல் குற்றங்களினின்று காக்கும் போக்சோ சட்டம் வந்தது. அந்த வயதுக்குட்பட்ட மனைவியோடு கணவன் கொள்ளும் உறவும் குற்றமே என்று 2017-இலே உச்ச நீதிமன்றம் உரைத்தது.

தொண்ணூறு ஆண்டு, நூறு ஆண்டுப் போராட்டத்தின் விளைச்சல் இது. இதிலே ஒரு மணியைக்கூட இழக்க நாம் உடன்படோம்.

ஆனால், தோழர்களே! வயதுக்கு வரம்பு கட்டியது எதற்காக? யாருக்காக? சட்டப் புத்தகத்தின் அழகுக்காகவா? இல்லை. வளர்ச்சி முற்றுப்பெறாத உடல் கருவைச் சுமந்தால் சிதையும் என்பதற்காக. இருபது வயதைக் கடந்த தாயைக் காட்டிலும், பதின்பருவத் தாய்க்குப் பேறுகால வலிப்பும், பேற்றுக்குப் பின் வரும் கருப்பைத் தொற்றும் மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது. அவள் பெறும் குழந்தை எடை குறைந்து பிறப்பதும், மாதம் நிரம்பாமல் பிறப்பதும் மிகுதி என்றும் அது சொல்லுகிறது. இந்த ஆபத்தைத் தவிர்க்கவே வரம்பு.

அப்படியானால், வரம்பைத் தாண்டிவிட்ட பிறகு, ஆபத்து யாருக்கு மிகுதி? அவளுக்குத்தான். மருத்துவம் யாருக்கு முதலிலே வேண்டும்? அவளுக்குத்தான். ஊட்ட உணவு யாருக்கு இரட்டிப்பாக வேண்டும்? அவளுக்குத்தான். தான் வளர வேண்டிய வயதிலே இன்னொரு உயிரையும் வளர்ப்பவள் அல்லவா அவள்! எந்த உடலைக் காப்பதற்காக வேலி போட்டோமோ, அந்த உடல் வேலிக்கு அப்பால் விழுந்து கிடக்கும்போது, "வேலியைத் தாண்டினாயே, கிட!" என்று சொல்வது, காத்தவர் வேலியையும் அதைப் போட்ட காரணத்தையும் ஒருசேர மறந்து நிற்பதாகும்.

இப்போது நம் மாநிலத்தின் நல்ல திட்டம் ஒன்றையே எடுத்துக் கொள்ளுவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 2006-இலே 6,000 ரூபாய், 2011-இலே 12,000, 2018 முதல் 18,000 என்று உயர்ந்து வந்தது. அதிலே 14,000 பணமாக. 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. ஏழைத் தாயின் கையிலே, வேலைக்குப் போக முடியாத காலத்திலே, கூலிக்கு ஈடாகக் கிடைக்கும் தொகை. நாட்டுக்கே வழிகாட்டிய திட்டம் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அதன் விதியிலே ஒரு வரி: தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பூவிருந்தவல்லியின் அந்தப் பெண் "பத்தொன்பது" என்று ஏன் மனப்பாடம் செய்தாள் என்பது இப்போது விளங்குகிறதா?

விதியை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். இளவயது மணத்துக்கு ஊக்கம் தரக் கூடாது என்ற நல்லெண்ணத்திலேதான் எழுதினார்கள். நல்லெண்ணத்தையும் நாம் பகுத்தறிவென்னும் தராசிலே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பதினெட்டாயிரம் கிடைக்கும் என்று எண்ணிப் பதினாறு வயதிலே தாயாகிறவள் உண்டா? அந்தப் பதினெட்டாயிரம் கிடைக்காது என்று அறிந்து, மகளின் மணத்தைத் தள்ளி வைத்த தந்தை உண்டா? கடன் அவனை நெருக்குகிறது. "பெண் யாரோடாவது போய்விடுவாளோ" என்ற அச்சம் அவனை உலுக்குகிறது. சாதியின் கண் அவனை உறுத்துகிறது. அத்தை மகன், மாமன் மகன் என்று உறவின் உரிமை அவனைத் துரத்துகிறது. மணத்தை முடிவு செய்தவன் அவன். உதவி மறுக்கப்படுபவளோ அவள். காதலித்து ஓடி வந்தவளின் கதையும் அதுதான். பதினாறு வயதிலே, பெற்றோர் வேறு யாருக்கோ கட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்று அஞ்சி வீட்டைத் துறக்கிறவள், அரசாணையின் விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டா புறப்படுகிறாள்? தண்டனை என்பது, குற்றம் செய்ய எண்ணுகிறவன் அறிந்திருந்தால்தான் தடையாகும். அறியாதவளுக்கு, பிந்தி வந்து விழும் தண்டனை வெறும் அடி; தடை அல்ல.

கணக்கும் இதையே பேசுகிறது. 2019–21-இலே எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிலே நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் தாயானவர்கள் அல்லது கருவுற்றவர்கள். 20 முதல் 24 வயதுப் பெண்களிலே நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் பதினெட்டு நிரம்புமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள். உதவி மறுக்கும் விதி பல ஆண்டுகளாக இருக்கிறது. இத்தனை பேரும் அந்த விதி இருக்கும்போதுதான் தாயானார்கள். மைய அரசின் பேறுகால ஊக்கத் திட்டமாம் ஜனனி சுரக்ஷா யோஜனாவிலும் இப்படியொரு வயது வரம்பு இருந்தது. மருத்துவமனையிலே நடைபெறும் பேறுகளுக்கு அந்த வரம்பை 2013-இலே எடுத்துவிட்டார்கள். எடுத்ததனால் வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தாய்க்கு வயது வரம்பு சொல்லலாம். பிறக்கும் குழந்தைக்கு? அது எந்த விதியை மீறியது? யாரைக் கேட்டு யாரோடு ஓடியது?

"அவள் செய்தாள், அவள் அனுபவிக்கட்டும்" — இந்த வார்த்தை நமக்குப் புதியதல்லவே! எங்கே கேட்டோம்? குருடனைப் பார்த்து, "முற்பிறப்பிலே என்ன பாவம் செய்தானோ" என்று சொல்லி நடந்தவன் வாயிலே கேட்டோம். தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து, "அது அவன் வினைப்பயன்" என்று சொல்லி ஒதுங்கியவன் வாயிலே கேட்டோம். தாலியறுத்த சிறுமியைப் பார்த்து, "அவள் தலையெழுத்து" என்று சொல்லி மூலையிலே உட்கார வைத்தவன் வாயிலே கேட்டோம். துன்பப்படுகிறவன் துன்பத்துக்குத் தகுந்தவனே என்று சொல்லிக் கையைக் கழுவிக் கொள்வதற்குக் கண்டுபிடித்த தத்துவந்தானே கர்மம்! தலையெழுத்தை மறுத்துவிட்டுப் பிறகு "அனுபவிக்கட்டும்" என்று சொல்வோமானால், வைதீகத்தை வாசல் வழியே விரட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து உள்ளே அழைத்தவர்கள் ஆவோம். காரணத்தைத் தேடுவது பகுத்தறிவு; காரணத்தைச் சொல்லிக் கருணையை மறுப்பது பகுத்தறிவாகாது.

எந்தப் பெருமாட்டியின் பெயர் அத்திட்டத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறதோ, அவர் வாழ்வே நமக்கு விடை சொல்லுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1912-இலே பட்டம் பெற்ற மருத்துவர் முத்துலட்சுமி, சென்னைச் சட்டமன்றத்திலே மண வயதை உயர்த்தக் குரல் எழுப்பியவர். தேவதாசி முறையை ஒழிக்க ஓயாது போராடியவர். முறையை எதிர்த்தாரே, அந்த முறையிலே சிக்கியவர்களை எதிர்த்தாரா? தங்க இடமின்றி, விடுதிகள் ஏற்க மறுத்து, தேவதாசிக் குலத்துப் பெண் பிள்ளைகள் தம் வீட்டுக் கதவைத் தட்டியபோது, "உங்களுக்கு இடம் கொடுத்தால் அந்த முறைக்கே ஊக்கம் கொடுத்ததாகுமே" என்று அவர் வாதாடவில்லை. கதவைத் திறந்தார். 1930-இலே அவ்வை இல்லம் பிறந்தது. ஒரு கையால் கொடுமையைத் தடுத்தார். மறு கையால் கொடுமைக்கு ஆளானவரைத் தாங்கினார். இரண்டு கையும் ஒரே உடலின் கைகள்தாம். ஒன்றையொன்று வெட்டிக் கொள்ளவில்லை.

நாம் கற்க வேண்டிய நீதி அதுதான். முன்னே வேண்டியது தடை. பின்னே வேண்டியது துணை. தடுக்க வேண்டிய நேரத்திலே வாளாவிருந்துவிட்டு, தாங்க வேண்டிய நேரத்திலே தடியெடுப்பது நீதியாகாது.

"போகட்டும், பணத்தைக் கொடுக்கலாம். ஆனால் சட்டம் இருக்கிறதே! கருவுற்ற சிறுமி வந்தால் மருத்துவர் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டுமே! அதை மறைக்கச் சொல்கிறீரா?" என்று நண்பர் கேட்பார்.

மறைக்கச் சொல்லவில்லை. போக்சோ சட்டத்தின்படி தகவல் தருவது கட்டாயம். தவறினால் ஆறு திங்கள் வரை சிறை. அந்த விதிக்கும் காரணம் உண்டு. வயிற்றுச் சுமையோடு வரும் ஒவ்வொரு சிறுமியும் காதலித்தவள் அல்லள். சிற்றப்பன் சீரழித்தவள் இருப்பாள். முதலாளி மிரட்டியவள் இருப்பாள். நாற்பது வயதுக்காரனுக்கு விற்கப்பட்டவள் இருப்பாள். தன் வாயால் சொல்ல அஞ்சும் அந்தச் சிறுமிக்காக மருத்துவர் வாய் திறக்க வேண்டும் என்பதே அந்த விதியின் உயிர். அதை எடுத்துவிட்டால் அவளுக்கு நாதி இல்லை. காதல் என்ற சொல்லைக் கேடயமாக்கிக் கொண்டு கயவர் தப்புவர். இது எளிதிலே அவிழும் முடிச்சு அல்ல. எளிது என்று சொல்பவன் இந்த இரு சிறுமிகளிலே ஒருத்தியை மறந்துவிட்டவன்.

இந்த முடிச்சோடு நாட்டின் நீதிமன்றங்களே மல்லாடுகின்றன. பதின்பருவக் காதலைக் குற்றக் கூண்டிலே நிறுத்துவது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலே கருத்துரைத்தது. இணக்கமான காதல் வழக்குகளிலே அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரிலே தமிழ்நாட்டுக் காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை விடுத்தார். இசைவு வயதைப் பதினாறாகக் குறைக்க வேண்டாம் என்று 2023-இலே இந்தியச் சட்ட ஆணையம் அறிவுரைத்தது. கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியைப் பற்றி மருத்துவர் தகவல் தரும்போது, அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022-இலே உச்ச நீதிமன்றம் வழி காட்டியது.

எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது மேற்கு வங்க வழக்கு. பதினான்கு வயதிலே வீட்டை விட்டுச் சென்று, தாயானவள் ஒருத்தி. அந்த ஆண் குற்றவாளியே என்று 2024-இலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு, வல்லுநர் குழு ஒன்றை அவளிடம் அனுப்பி அவள் நிலையை அறிந்து வரச் செய்தது. 2025 மே திங்களிலே, தண்டனை விதிக்காமல் விட்டது. ஏன்? நடந்த செயலைவிட, அதன் பின்னே வந்த காவல், வழக்கு, நீதிமன்ற அலைச்சல், அவனை மீட்க அவள் பட்ட கடன் இவைதாம் அவளை நொறுக்கின என்று கண்டது நீதிமன்றம். சமூகம் அவளைப் பழித்தது, சட்ட அமைப்பு அவளைக் கைவிட்டது, பெற்ற குடும்பம் அவளைத் துறந்தது என்ற கருத்துப்பட வருந்தி எழுதியது. அவள் படிப்பைத் தொடரவும், கடனைத் தீர்க்கவும், குழந்தையை வளர்க்கவும் அரசு துணை நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் நாளே அந்தத் துணை கிடைத்திருந்தால்? இந்தக் கேள்விதான் தீர்ப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் நிற்கிறது.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. விசாரணை ஒரு சாலையிலே நடக்கட்டும்; உதவி இன்னொரு சாலையிலே நடக்கட்டும். ஒன்று முடியும் வரை மற்றொன்று காத்திருக்கக் கூடாது. கேள்வி கேட்பவர் கேட்கட்டும். ஆனால் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் கை அந்தக் கேள்விக்கு விடை வரும் வரை தயங்கக் கூடாது. கொடுமைக்கு ஆளான சிறுமிக்கும் மருத்துவம் வேண்டும். காதலித்து வந்த சிறுமிக்கும் மருத்துவம் வேண்டும். யார் எவர் என்று பிரித்தறிவது வழக்கு மன்றத்தின் வேலை. அது மருத்துவச்சியின் வேலை அன்று.

சரி, இன்றைக்கே என்ன இருக்கிறது? பலருக்கு இருப்பதும் தெரியாது. தெரியாமையும் ஒரு சாத்திய கதவுதான்.

அரசு மருத்துவமனையிலே கருவுற்றவளுக்குச் சோதனையும் பேறும் இலவசம். ஒவ்வொரு திங்களும் 9-ஆம் நாள், கருவுற்ற தாய்மாரை மருத்துவரே பார்க்கும் முகாம் 2016 முதல் நாடெங்கும் உண்டு. 108 ஊர்தி பேறுகாலத்துக்கும் வரும். 104-ஐ அழைத்தால் நலவாழ்வு பற்றிய ஐயங்களுக்கு விடை கிடைக்கும். அங்கன்வாடி, கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துணவு தருகிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்கள் இரவும் பகலும் விழித்திருக்கின்றன. பெண் என்றாலும் சிறுவர் என்றாலும், வருமானம் பாராமல், இலவசமாக வழக்கறிஞர் துணை தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம்; அதற்கு 15100.

இளவயது மணத்திலே சிக்கியவள், தான் விரும்பினால், மேஜரான இரண்டு ஆண்டுக்குள், அதாவது இருபது வயது நிரம்புமுன், அந்த மணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். அப்படிக் கோரினாலும், அதிலே பிறந்த குழந்தை முறையான குழந்தையே என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி கூறுகிறது. பராமரிப்புத் தொகையும் கோரலாம். "குழந்தை இருக்கிறதே, இனி எங்கே போவேன்?" என்று அடி உதையைத் தாங்கிக் கிடப்பவளுக்கு இதைச் சொன்னவர் எத்தனை பேர்? குழந்தையை வளர்க்கவே இயலாது என்று முடிவு செய்கிறவள், அதைக் குப்பைத் தொட்டியிலே போட வேண்டியதில்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைக்கலாம். மனம் மாறினால் மீட்டுக்கொள்ள இரண்டு திங்கள் தவணையும் உண்டு.

மண வயது நிரம்பிய இளந்தம்பதியருக்கும் ஒரு சொல். வேலை செய்யும் பெண்ணுக்கு 1961-இலே வந்த மகப்பேற்றுச் சட்டம், 2017-இலே சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த உரிமை தொடர்கிறது. "நீ ஒப்பந்தக் கூலி, உனக்கில்லை" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அதை நம்பித் திரும்பாதீர்கள். அடுத்த பிள்ளை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பது இருவரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய செய்தி. உறையும் மாத்திரையும் ஊசியும் அரசு நலவாழ்வு நிலையங்களிலே விலையின்றிக் கிடைக்கின்றன. கருத்தடை பற்றிப் பேசுவதே பாவம் என்றிருந்த நாளிலே அதை மேடையிலே பேசிய மண் இது. நாம் இன்னும் மருந்துக் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தலாமா?

இளைஞனே, உன்னிடமும் ஒன்று. வரிசை வீட்டுக் கதவுக்குப் பின்னே அவளைப் பற்றியே பேசினோம். அவனைப் பற்றி? கருவைச் சுமப்பவள் அவள். அதனால் உலகம் அவளை மட்டுமே பார்க்கிறது. காதலைச் சொல்லத் துணிவு இருந்தவனுக்கு, அவள் பதினெட்டைத் தாண்டும் வரை காத்திருக்கத் துணிவு இல்லாமற் போனதேன்? காத்திருப்பதும் காதலின் பகுதிதான். தவறிவிட்டாயா? ஓடாதே. மருத்துவமனை வரிசையிலே அவளோடு நில். அவள் பள்ளிக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடு. பிள்ளை அழுதால் நீ எழுந்திரு. வீரம் என்பது அழைத்துக் கொண்டு ஓடுவதோடு முடிந்துவிடுவதில்லை.

செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவோ. மகப்பேறு உதவியின் வயது விதியை மாற்றி, பதின்பருவத் தாய்க்குப் பணம் கொடுக்கத் தயங்கினால் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையாவது தரக் கேட்க வேண்டும். தாயான மாணவி மீண்டும் பள்ளி வாசலை மிதிக்க வழி வேண்டும். கூச்சம் தடுத்தால் தனித்தேர்வராகவேனும் பத்தாம் வகுப்பை முடிக்கத் துணை வேண்டும். படித்தவள் இரண்டாவது பிள்ளையைத் தள்ளிப் போடுவாள். தன் மகளைப் பதினைந்து வயதிலே கட்டிக் கொடுக்கமாட்டாள். அவளுக்குச் செய்யும் உதவியே அடுத்த தலைமுறைக்குப் போடும் தடை! தடையும் துணையும் பகையல்ல என்றேனே, அது இதுதான்.

நம் மாநிலமே இந்த வழியிலே ஒரு பெரிய அடி எடுத்து வைத்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இலே தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இலே உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப்பெண் திட்டமாக, மாறியது. மணப்பந்தலுக்குக் கொடுத்த பணம், கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாயாயிற்று. விதியை எழுதியவர்கள் விதியைத் திருத்தவும் வல்லவர்கள் என்பதற்கு இது சான்று. கேட்டால் நடக்கும். கேட்பதற்கு நாம் இருக்கிறோமா?

படிப்பகம் நடத்தும் தோழர்களே! மன்றத்துச் சுவரிலே மேற்சொன்ன எண்களை எழுதி வையுங்கள். உங்கள் தெருவிலே சாத்திய கதவு ஒன்று இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள், தேடிப் பாருங்கள். நீங்கள் நேரே போய்த் தட்டாதீர்கள். உங்கள் அக்காவை, அம்மாவை அனுப்புங்கள். அறிவுரையைக் கொண்டு போக வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டு போகச் சொல்லுங்கள். பொய்யான வயதைச் சொல்லச் சொல்லித் தராதீர்கள். பொய் வயதால் பேறு பார்க்கும் மருத்துவரின் கணக்கும் பிழைபடும், அவள் உயிருக்கே உலையாகும். உண்மையைச் சொல்லும்போது அவள் தனியாக நிற்காதபடி பார்த்துக் கொள்ளுங்கள். சட்டப் பணிக் குழுவின் வழக்கறிஞர் ஒருவரும், தெருவின் பெரியவர் ஒருவரும் உடன் சென்றால், அவள் அச்சத்திலே பாதி குறையும்.

குமணன்சாவடியின் அந்த மூதாட்டிக்குச் சட்டம் தெரியாது. திட்டத்தின் பெயரும் தெரியாது. ஆனால் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் கதவு திறந்தது.

"பத்தொன்பது இல்லை, ஆயா. பதினேழு."

"தெரியும் கண்ணு. கிளம்பு, நானும் வரேன்."

அந்த ஐந்து சொற்களிலே ஒப்புதலும் இல்லை, கண்டனமும் இல்லை. துணை மட்டும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு விளங்கிய இந்த நீதி, ஏடுகளைப் புரட்டிப் படித்த நமக்கு விளங்காமற் போகலாமா?